பீக்கரில் போட்ட டீ

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

எங்கள் கல்லூரி லேபில் பேராசிரியர்களுக்குப் பீக்கரில் டீ போட்டுக் கொடுப்பேன் என்று எழுதியிருந்தேனே? இயற்பியல்காரர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் குடிக்கமாட்டார். வேதியியல்காரர் சர்க்கரையைத் தராசில் நிறுப்பார். தாவரவியல்காரர் செடியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் புதினா கிள்ளுவார். மூவருக்கும் நான் தங்கச்சி.

நேற்று பிரின்சிபால் திடுதிப்பென்று உள்ளே வந்து, "லேப்ல யாரு டீ போட்டது?" என்று கத்தினார். மூன்று பேரும் சேர்ந்தாற்போல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செடியிடம் மன்னிப்புக் கேட்கிறவர்தான் வாயைத் திறந்தார்: "புதுப் பொண்ணு சார், இனிமே போடாம நாங்க பாத்துக்கிறோம்."

என் வேலை நிரந்தரமாவது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. பிரின்சிபால் தலை மறைந்ததும் இயற்பியல்காரர், "தங்கச்சி, டீ ஆறுது பாரு" என்றார்.

நினைத்தால் சிரிப்புதான் வருகிறது, நீ கவலைப்படாதே. மணி அடித்துவிட்டது, பீக்கர்களைக் கழுவ வேண்டும்.

அந்த மூன்று அண்ணன்களுக்கும் மப்ளர் பின்னுவதாக எழுதியிருந்தாயே, ஒன்றோடு நிறுத்திக்கொள். அதை எனக்கு அனுப்பு. இங்கே ரொம்பக் குளிர்கிறது.

உன் மகள்