பென்டிரைவில் இருக்கிற தம்பிக்கு

என் பாபுக் கண்ணுக்கு,

நீ இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டாம். ஒரு போன் போட்டிருப்பேன். சிறுசேரி ஆபீசில் இருந்தபடியே, ஒன்றையும் தொடாதே, வந்து பார்க்கிறேன் என்று சிடுசிடுத்திருப்பாய். இப்போது யாரைக் கேட்பது என்று தெரியாமல் உன்னையே கேட்கிறேன்.

அடுத்த வாரம் உனக்கு வருஷம் திரும்புகிறது. படையலுக்கு வைக்க அம்மாவுக்கு உன் படம் வேண்டும். நீ போன அன்று உன் சிநேகிதர்கள் அவசர அவசரமாகப் பேனர் அடித்தார்கள். வாட்சப்பில் கிடைத்த கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டி, எவனோ ஒருவனின் கோட்டு சூட்டுக்கு மேல் ஒட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் அப்படித்தானே செய்கிறார்கள். அம்மா அதன் எதிரில் போய் நின்று, "இது யாரோ மேனேஜரு. எம்புள்ள எங்க?" என்றாள். ஒரு வருஷமாக அதையேதான் கேட்கிறாள்.

உன் போன் வண்டியோடு நொறுங்கிப்போனது. நல்ல வேளை, அதற்கு முந்தின மாதம் போனில் இடமில்லை என்று உன் ஆபீஸ் சிநேகிதன் குமாரின் கம்ப்யூட்டரில் படங்களை இறக்கி வைத்திருந்தாய். அவன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டிற்கே கொண்டுவந்து கொடுத்தான். உன் பழைய லேப்டாப்பில் செருகினேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. படம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம் போல ஏதோ ஒன்று தெரிகிறது. உன் போன் ஒரு மாதிரி சேமிக்குமாம், மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அது புரியாதாம். படம் படம்தானே, அதில் என்னடா உனக்கு ஒன்று எனக்கு ஒன்று?

படத்தின் பேருக்குப் பின்னால் புள்ளி வைத்து நாலு எழுத்து வருமே, அதை அழித்துவிட்டு எல்லோரும் போடுகிற எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை. பேரை மாற்றினால் ஆள் மாறிவிடுமா என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

அதோடு விட்டேனா? ஒவ்வொன்றும் ஒரே பேரில் இரண்டு இரண்டாக இருந்தது. இரண்டாவது வெறும் காப்பி, இடத்தை அடைக்கிறது என்று நானே முடிவு பண்ணி வரிசையாக அழித்துக்கொண்டே வந்தேன். கடைசி ஒன்று பாக்கி இருக்கும்போது அம்மா கூப்பிட்டாள், எழுந்து போய்விட்டேன்.

நேற்று செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே தேவி என்ற பெண் பத்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கிற மாதிரி மாற்றிச் சேமித்துக் கொடுத்தாள். கடைசிப் படம் திருவிடந்தைக் கடற்கரையில் உன் போனில் நான் எடுத்தது. லுங்கியும் நீல பனியனுமாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாய். இதுதான் நீ. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

பிறகு அவள், இந்தப் படத்தோடு இருப்பது போல மற்ற படங்களோடும் இருந்திருக்கவேண்டிய இரண்டாவது ஃபைல் எல்லாம் எங்கே என்று கேட்டாள். காப்பிதானே, அழித்துவிட்டேன் என்றேன்.

"அது காப்பி இல்லக்கா. போட்டோ எடுக்கறப்போ முன்ன பின்ன ரெண்டு செகண்டு வீடியோவா போனே புடிச்சி வெச்சிக்கும். பேசறதும் அதுல கீது."

பாபு, எத்தனை தடவை நீ பேசியதை அழித்தேன்? குமாரைக் கேட்டேன். வீட்டு விஷயம் தன்னிடம் எதற்கு என்று அவனும் அழித்துவிட்டானாம். யாரைக் கோபித்துக்கொள்வது?

மிஞ்சிய ஒன்றை வீட்டில் என் போனில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். காற்று இரைகிறது. நீ கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "எட்துட்டியாக்கா? கண்ணு கூசுது" என்கிறாய். நான் பதில் சொல்வதற்குள் முடிந்துவிடுகிறது.

அம்மா என் போனைக் கையில் வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எட்துட்டா, எட்துட்டா. நீ வெயில்ல நிக்காத, வூட்டுக்கு வா."

அதை நிறுத்தவா, திரும்பப் போடவா? எனக்குத் தெரியவில்லையடா. இந்த ஒன்றை மூன்று இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன், மூன்றிலும் திறக்கிறதா என்று பார்த்தும்விட்டேன். இனி எனக்குப் புரியாத எதையும் அழிக்க மாட்டேன். அம்மா கேட்கிற வரைக்கும் போட்டுக் காட்டுவேன்.

உன்கூடப் பிறந்த அக்கா,
மல்லிகா