சரோஜாவின் மெழுகு வில்லை

அக். 14, செவ்வாய்

போடியில் வெயில். மேலே போடிமெட்டில் மூடுபனி என்கிறார் ஜீப்பு ஓட்டுநர்.

உறுதியானது: தங்கை சரோஜாவுக்கு நுரையீரல் புற்று. ஆதாரம்: மதுரை மருத்துவமனையின் திசு அறிக்கை, இரண்டாம் பக்கம். வயது 52. பீடி வாசமே பிடிக்காதவள்.

மருத்துவர் சொன்னதில் குறித்துக்கொண்டது: கைனேஸ் என்று ஒரு புரதக் குடும்பம். உடம்பில் ஐந்நூறுக்கும் மேல். மற்ற புரதங்களை முடுக்குவது, அடக்குவது அதன் வேலை. புகைக்காதவர்களின் புற்றில் பல சமயம் இதில் ஒன்று பழுதாகி, செல்லிடம் 'வளர், வளர்' என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருக்கும். எது என்று தெரிந்தால், அந்தப் புரதத்தில் இருக்கும் குழியில் போய் அடைத்துக்கொள்ள மாத்திரை இருக்கலாம். தெரியாவிட்டால் கீமோ.

கேட்க மறந்தது: ஐந்நூறுக்கும் ஒரே மாதிரிக் குழியா?

சரோஜாவிடம் போனில் சொன்னேன். "ஐநூறு பேரா? நம்ம வீட்டுக் கல்யாணக் கூட்டம்ல அது. அதுல ரகளை பண்ணுனவனைக் கண்டுபிடிக்கணுமாக்கும்."

அடுத்த வேலை: ஊசியில் எடுத்த சதைத் துணுக்கை மெழுகு வில்லையில் பதித்து மருத்துவமனை கொடுத்திருக்கிறது. மரபணுச் சோதனைக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வில்லை அவள் கணவர் முருகேசனிடம். போடிமெட்டில் ஏலத்தோட்டம் அவருக்கு. நாளை போய் வாங்க வேண்டும். குடை.

அக். 15, புதன்

காலை ஏழு மணி பஸ்சு. குடையை மறந்தேன். மெட்டில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

வில்லை எங்கே என்றேன். முருகேசன் ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு இங்கே அதுதான் பெயர். விறகுச் சூடு குழாய் வழியே உள்ளே வரும். தட்டுக்கு மேல் தட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பாலித்தீன் உறையில் வில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து.

"வீட்டுல வச்சா பூசணம் பூத்துரும் மச்சான். பத்திரம், ஆதார் எல்லாமே இங்கதான் வைப்போம்."

மெழுகு சாய்ந்திருந்தது. ஒரு ஓரம் வழிந்து உறையில் ஒட்டியிருந்தது. நடுவில் சதை, அரிசிக் குறுணை அளவு.

"இன்னொரு ஊசி போடச் சொல்லலாம்ல?" என்றார். முடியாது. போன ஊசியில் நுரையீரல் சுருங்கி, நான்கு நாள் மார்பில் குழாய். மறுபடி ஊசிக்கு மருத்துவர் தயாரில்லை. இருப்பது இந்தக் குறுணைதான்.

சரோஜா வாசலில் நின்று கேட்டுவிட்டாள். "என்னையும் ஏலக்காயோட காயப்போட்டுட்டீகளா? பச்சை கொறையாம எடுத்தீகளா, இல்ல வெளுத்துப்போச்சா?"

சிரித்தது அவள். அழுதது முருகேசன்.

அக். 16, வியாழன்

மதுரை. சோதனைக்கூடத்தில் ஒரு அம்மா, வில்லையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூட்டுக்குப் பயப்படாதீங்க சார். நாங்களே அறுபது டிகிரி மெழுகுலதான் பதிக்கிறோம். சதை எவ்வளவு மிஞ்சியிருக்குங்கறதுதான் கேள்வி."

மறுபடி பதித்து, சீவிப் பார்த்து, சனிக்கிழமை சொல்வார்.

மறந்த கேள்வியை அவரிடமே கேட்டேன். குழிகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தானாம். பழுதானதற்கென்று செய்த மாத்திரை நல்லதையும், சில சமயம் அதன் சொந்தங்களையும் தொட்டுவிடும். தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் அப்படித்தான்.

முருகேசனுக்குப் போனில் விளக்கினேன். "எட்டு எம்எம் சல்லடையில ஏழு எம்எம் ஏலக்காயும் விழத்தானே செய்யும் மச்சான்." ஆறு மாதம் யோசித்தாலும் எனக்கு இது வந்திருக்காது.

அக். 18, சனி

தூறல். தேவாரம் ஊர்ப்பக்கம் யானை இறங்கியதாகப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து தகவல். செய்தியை இன்று வேறு நிருபர் யாராவது எழுதட்டும்.

11.20. சோதனைக்கூடத்து அம்மா பேசினார். சதை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கும் பெரிய சோதனைக்குப் போதாது. இரண்டு கைனேஸுக்கு மட்டும் வரும். எந்த இரண்டு என்று மருத்துவரைக் கேட்டேன். அதிகம் பழுதாகிற இரண்டு என்றார். அதற்குமேல் துணுக்கு மிஞ்சாது.

சரோஜா போனில்: "அண்ணே, கோயிலுக்குப் போறேன். என்னன்னு வேண்டிக்கிறது? கோளாறு இல்லாம இருக்கணும்னா, இருக்கணும்னா?"

"ரெண்டுல ஒண்ணு கோளாறா இருக்கணும்னு கேளு ஆத்தா."

"நல்ல வேண்டுதல்தான் போ. சாமி மறுபடி மறுபடி கேக்கப்போகுது, நெசமாத்தானான்னு."

நிலுவை: அந்த இரண்டு கைனேஸின் பெயர். அறிக்கை நவ. 3, திங்கள், மாலை ஐந்துக்குள்.