ஒரு போர்டுக்கு இரண்டு அருள் நிறைந்த மரியே

திங்கள், மார்ச் 1

விடியும்போதே மழை. கம்பெனி பஸ் இருபது நிமிடம் தாமதம். ஆறு மணிக்கு ஒரே இருட்டு. வருடப் பிறப்பன்று அரசாங்கமே நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. அந்த அரை மணியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தவக்காலத்துக்குக் கோப்பியை விட்டு ஆறு நாள். தலைவலி. யார் பேசினாலும் எரிந்து விழுகிறேன்.

செய்ய வேண்டியவை:
– எம்.பி.ஏ. கட்டுரைத் தலைப்பு (நாளை வகுப்பில் சொல்லியாக வேண்டும்)
– ஜாஸ்மினுக்குப் பள்ளிக்கு வெள்ளைக் காலுறை
– தேக்கா சந்தையில் மீன். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது
– வீட்டுக்காரர் சட்டைப் பொத்தான். மூன்று வாரமாகிறது

கட்டுரை: நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு வேலையை எடுத்து, நேரம் அளந்து, மேம்படுத்திக் காட்டவும். பாடத்தின் பாதி மதிப்பெண் இதற்குத்தான். இதில் கோட்டைவிட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது. முப்பத்து நான்கு வயதில் மறுபடியும் முதலாம் ஆண்டு! என்னால் முடியாது சாமி.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஜெபமாலை. பாதியில் அவர் நிறுத்தினார். "மெதுவாச் சொல்லு பிலோ. நீ ஓடுற ஓட்டத்துல மாதாவுக்கே மூச்சு வாங்கும்." ஜாஸ்மினுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எதையும் அவசரமாகத் தூக்கியே பழக்கமில்லை.

செவ்வாய், மார்ச் 2

வகுப்பு 6.30. ஜூரோங் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பஸ். செவ்வாய், வியாழன் மட்டும் ஐந்து மணிக்கே கிளம்ப மேனேஜர் மி. லிம் அனுமதி கொடுத்திருக்கிறார். "கட்டுரை எழுதினா எனக்கும் ஒரு காப்பி, ஓக்கே லா?" என்பது நிபந்தனை.

வகுப்பில் நாற்பது பேர். பாங்க், இன்சூரன்ஸ், விமானக் கம்பெனி. பளபளவென்று ஷூ. என் கையில் ஈயம் பற்றவைக்கும் வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போவதில்லை.

தலைப்பு கொடுத்துவிட்டேன்: என் வரிசையில் ஒரு போர்டுக்கு எவ்வளவு நேரம். டாக்டர் சியா (எங்கள் விரிவுரையாளர், வெள்ளை முடி, சிரிக்கவே மாட்டார்) கண்ணாடிக்கு மேலே பார்த்துவிட்டு, "கவனமாக அள" என்றார். அவ்வளவுதான்.

புதன், மார்ச் 3

நான் சூப்பர்வைசராக இருக்கும் வரிசையில் பன்னிரண்டு பெண்கள். ரேடியோவுக்குள் போகிற போர்டில் ஒவ்வொருத்தியும் எட்டு உதிரிகளைச் செருக வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 720 போர்டு. இதை எப்படி அளப்பது? போன வருடம் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வந்து நின்றார். பன்னிரண்டு பேர் கையும் கல்யாண ஊர்வலம் போல நகர்ந்தது. ஏன் என்று கேட்டதற்குத் தெரேசா அக்கா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "வாட்சைப் பார்த்தா கை தானா நடுங்குதும்மா, நான் என்ன செய்ய?" என்றார். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நடுக்கம்!

தெ. அக்கா வரிசையில் மூத்தவர். எங்கள் கோவில்தான். வேலையில் நான் மேலே, கோவில் பாட்டுக் குழுவில் அவர் மேலே. வீட்டுக்காரர் படுத்த படுக்கை.

மதியம் யோசனை ஒன்று வந்தது. எனக்கே சிரிப்பு. வாட்ச் வேண்டாம். பின்னால் நின்று மனதுக்குள் அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னால் யாருக்குத் தெரியும்? ஒரு போர்டுக்கு எத்தனை மந்திரம் என்று விரலில் எண்ணிக்கொள்ளலாம். மந்திரம் ஒன்றுக்கு எத்தனை செகண்ட் என்று வீட்டில் பார்த்துக்கொண்டால் முடிந்தது கணக்கு.

மூன்று மணி நேரம் எண்ணினேன். மற்றவர்களுக்கு இரண்டரை, இரண்டே முக்கால், மூன்று என்று ஏறி இறங்குகிறது. தெ. அக்காவுக்கு மட்டும் அச்சடித்தாற்போல இரண்டு. எத்தனை முறை எண்ணினாலும் இரண்டு. இவரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

மாலை: அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, ஜாஸ்மின் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க, நான் கரண்டியும் கையுமாகப் பத்து மந்திரம் சொன்னேன். "நூத்திப் பத்து செகண்ட், மம்மி!" அப்படியானால் ஒன்றுக்குப் பதினொன்று. ஒரு போர்டுக்கு இருபத்திரண்டு.

இவ்வளவு சுலபமா?

செவ்வாய், மார்ச் 9

கட்டுரை கொடுத்தாயிற்று. பதினான்கு பக்கம். டைப் அடித்தது சாப்பாட்டு இடைவேளைகளில். "மறைமுகக் கவனிப்பு முறை" என்று எழுதியிருக்கிறேன். மாதா பெயரை எழுத வெட்கம்.

காலுறை வாங்கவில்லை. பொத்தான் தைக்கவில்லை.

செவ்வாய், மார்ச் 16

ஏ கிரேடு!!!

டாக்டர் சியா என் கட்டுரையை மட்டும் தூக்கிக் காட்டினார். பாங்க் ஆள் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஜூரோங் தொழிற்சாலைக்காரிக்கு ஏ. பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன். மி. லிம்முக்கு ஒரு காப்பி நாளை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "சந்தோஷம். அப்ப இந்தப் பொத்தான்?"

வியாழன், மார்ச் 18

மி. லிம் காலையிலேயே வந்துவிட்டார். "ஐயோ பிலோ, வெரி குட் லா! இவ்வளவு நாளா இவங்க நம்மள ஏமாத்தியிருக்காங்க." பத்து மணிக்கு வரிசையின் கரும்பலகையில் 720ஐ அழித்து 980 எழுதினார். என் கட்டுரையின் பதினொன்றாம் பக்கத்தில் உள்ள எண்.

பெண்கள் பலகையைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

நல்லதுதானே? இதைத்தானே படிக்கிறேன்? வகுப்பில் கவனம் ஓடவில்லை.

திங்கள், மார்ச் 22

வெயில். தொழிற்சாலைக்குள் அதைவிடப் புழுக்கம்.

மூன்று நாளாக ஒருத்தியும் 980ஐத் தொடவில்லை. அதிகபட்சம் 790. செருகிய உதிரிகள் கோணல், திரும்பி வரும் போர்டுகள் இரண்டு பெட்டி. கழிவறைக்குப் போகும்போதும் ஓடுகிறார்கள். "சூப்பர்வைசர் பெரிய படிப்புப் படிக்கிறாங்க, நம்ம கையத் தேய்க்கிறாங்க." என் காதில் விழட்டும் என்றே சொன்னது.

மி. லிம் வந்து கேட்டார். "உன் கட்டுரைப்படி தெரேசாதான் அளவுகோல். அவராலேயே முடியலன்னா என்ன அர்த்தம்? வேணும்னே செய்றாங்க." எச்சரிக்கைக் கடிதம் தெ. அக்காவுக்கு. இன்னொன்று வந்தால் இரவு ஷிஃப்ட், பாக்கிங் பகுதி. சூப்பர்வைசர் கையெழுத்துக் கட்டாயம்.

போட்டேன். என் கையெழுத்து. பேனா மை கூடச் சரியாக வந்தது.

தெ. அக்கா வாங்கிப் படித்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "ராத்திரி வேலைன்னா அவர யாரு பார்ப்பா?" என்னைக் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

வெள்ளி, மார்ச் 26

கோவிலில் சிலுவைப் பாதை. முடிந்ததும் வாசலில் தெ. அக்கா. விலகிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவரே வந்தார்.

"கோவிச்சுக்காத பிலோ. நான் வேணும்னு செய்யல. எனக்கு வேற மாதிரி வேலை செய்யத் தெரியாதும்மா. பன்னெண்டு வருஷமா ஒரு போர்டுக்கு ரெண்டு அருள் நிறைந்த மரியே. வாய்க்குள்ளேயே சொல்லிக்குவேன், கை பாட்டுக்கு ஓடும். அவருக்கு முடியாமப் போனதுலேர்ந்து அது இல்லாம என்னால உட்காரவே முடியல."

தலை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இப்ப ஒன்றரைதான் முடியுது. ரெண்டாவதுல மரண வேளைக்கு வர்றதுக்குள்ள அடுத்த போர்ட எடுக்கணும். எல்லாத்தையும் பாதியில விடுறேன். மாதா என்ன நினைப்பாங்க?"

மந்திரத்தின் கடைசி வரி அது. மரண வேளை. அங்கே போய்ச் சேரவே இந்தப் பெண்ணுக்கு நான் நேரம் விடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மந்திரத்தை அவர் வேகத்தில் சொல்லிப் பார்த்தேன்.

சனி, மார்ச் 27

அரை நாள் வேலை. மதியம் ஜாஸ்மினைக் கடிகாரத்துக்கு முன் உட்கார வைத்தேன். என் வேகத்தில் பத்து: நூற்றுப் பத்து செகண்ட். தெ. அக்கா கோவிலில் சொல்கிற வேகத்தில் பத்து: நூற்று ஐம்பது.

மறுபடியும். நூற்று ஐம்பது.

ஆக, அவருடைய இரண்டு மந்திரம் முப்பது செகண்ட். நான் எழுதியது இருபத்திரண்டு. அவர் பின்னால் நின்றபோது என்னை அறியாமல் அவருடைய முணுமுணுப்போடு சேர்ந்து சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அச்சடித்தாற்போல இரண்டு! அவர் வேகத்தில் எண்ணிவிட்டு, சோறு பொங்கும் அவசரத்தில் என் வேகத்தில் அளந்தேன். முட்டாள். முட்டாள். ஏ வாங்கிய முட்டாள்.

முப்பது செகண்ட் என்றால் பழைய 720தான் சரி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஞாயிறு, மார்ச் 28

பூசையில் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. தேக்காவில் கீரை வாங்கக் கூட்டத்தில் நின்று, முறை வந்ததும் எதற்கு வந்தேன் என்று மறந்துபோனேன்.

சொன்னால்:
– கட்டுரை போச்சு. இரண்டாம் ஆண்டு போச்சு
– மி. லிம் ஐந்து மணி அனுமதியை எடுத்துவிடுவார்
– சிரிப்பார்கள். ஜெபம் சொல்லி அளந்தாளாம்
சொல்லாவிட்டால்:
– தெ. அக்கா

ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "உனக்கே தெரியுதே, அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குற?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அழுதேன்.

திங்கள், மார்ச் 29

7.40க்கு மி. லிம் அறை. நின்றுகொண்டே சொன்னேன். எல்லாம். சோறு பொங்கியது உட்பட.

முதலில் புரியவில்லை. "பிரேயரா?" மூன்று தடவை கேட்டார். அப்புறம் முகம் சிவந்தது. தலைமை அலுவலகத்துக்கு 980 என்று ஏற்கெனவே எழுதி அனுப்பிவிட்டாராம். "நீ என்ன படிக்கிற, எம்.பி.ஏ.வா, சாமியார் பள்ளிக்கூடமா?"

ஸ்டாப்வாட்ச் எடுத்து வரச் சொன்னேன். நானே தெ. அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் எழுந்து நின்று பார்த்தார், பதினொரு பெண்களும் பார்த்தார்கள். மி. லிம்மே வாட்சைப் பிடித்தார். என் கை வேகமானது என்று எனக்கு எப்போதும் கர்வம். இருபது போர்டு. சராசரி முப்பத்தோரு செகண்ட். விரல் நுனியில் ரத்தம்.

மி. லிம்மே பலகையில் 980ஐ அழித்தார். கடிதத்தையும் கிழித்தார். போகும்போது திரும்பிப் பார்க்காமல், "இனிமே நீயும் எல்லாரோடயும் அஞ்சே முக்காலுக்குத்தான் கிளம்பணும்."

தெ. அக்கா நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் எப்படி அளந்தேன் என்று அதற்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. "என் ஜெபத்தையா எண்ணுனே?" அவ்வளவுதான் கேட்டார். அதற்கப்புறம் பேச்சில்லை.

செவ்வாய், மார்ச் 30

வகுப்புக்கு நாற்பது நிமிடம் தாமதம். முடிந்ததும் டாக்டர் சியாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "எதை வைத்து அளந்தாய் என்பது தப்பில்லை. கைநாடியை வைத்துக்கூட அளந்திருக்கிறார்கள். ஆனால் அளக்கும் இடத்திலேயே அளவுகோலைச் சரிபார்த்திருக்க வேண்டும்." ஏ ரத்து. மறுபடி எழுத ஒரு வாரம். அதிகபட்சம் சி. சி போதும், இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம்.

"இந்தத் தடவை என்ன முறை என்பதை ஒளிக்காமல் எழுது" என்றார். சிரித்தாரா? சிரித்த மாதிரிதான் இருந்தது.

வியாழன், ஏப்ரல் 1

மழை பிடிக்கப் போகிறது. தெ. அக்கா இன்றும் பேசவில்லை. காலையில் அவர் மேசையருகே போய் நின்று, "அக்கா, கேக்காம எண்ணுனது தப்பு" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்ணாமல் இருக்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

5.45 மணி அடித்ததும் ஓட்டம். பை ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம். கேட்டுக்கு வெளியே கம்பெனி பஸ் புறப்படத் தயாராக நின்றது. நான் போகவேண்டிய பஸ்ஸுக்கு ரோட்டைத் தாண்ட வேண்டும். ஜன்னலிலிருந்து குரல்.

"ஏ பிலோ! விழுந்து வைக்காத! வகுப்புக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?"

தெ. அக்கா! நின்றுவிட்டேன். மூச்சிரைக்க, "முழுசா அஞ்சு ஜெபமாலை ஆகும்க்கா!" என்று கத்தினேன்.

பஸ்ஸுக்குள் பதினொரு பெண்களும் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டார்.

"யாரு சொல்ற ஜெபமாலைடி? நீ சொல்றதா, நான் சொல்றதா?"

என் பஸ் வந்துவிட்டது. உட்கார இடமில்லை.