யாருக்கு அடி அதிகம் என்று கேட்டார்கள்

என் பிரியத்துக்குரிய மச்சான் சவரிமுத்துக்கு,

எழுத்து எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சி ரோசம்மாதான் எழுதுகிறாள். உன் பெண்டாட்டியை எதிரில் வைத்துக்கொண்டு உன்னைத் திட்டக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருக்கிறது.

உன் மேல் எனக்குப் பொறாமை, மச்சான். மீன்பிடித்துத் திரும்பி திரேஸ்புரம் கரையில் இறங்கிய நம் இருவரையும் கடத்தல்காரர்கள் என்று ஒரே ஜீப்பில்தான் ஏற்றினார்கள். ஒரே ஸ்டேஷனில்தான் அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடினாய். நான் ஒரு காதைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது போலீஸ்காரர்களை விசாரிக்கிற புகார் ஆணையத்தில் உன் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். உன் போட்டோவைப் பார்த்து அந்த அம்மா அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் காதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. செத்தால்தான் மதிப்பா?

போன வாரம் என்னைச் சாட்சிக்கு அழைத்தார்கள். “பெரியவரே, ரெண்டு பேர்ல யாருக்கு அடி அதிகம்?” என்று அந்த அம்மா கேட்டார்.

நம் படகு வழக்கம் உனக்குத் தெரியும். யார் அதிகம் வலை இழுத்தான் என்று கரையில் சொல்லக் கூடாது. எல்லாருக்கும் ஒரே பங்கு. “ரெண்டு பேருக்கும் சமம்தாம்மா” என்றேன். வழக்கம் பாதி, பொறாமை பாதி.

போலீஸ் தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். “அதே அடி வாங்குனவர் இந்தா நல்லா நிக்காரு. அப்போ செத்தவர் அடியில சாகலையே?”

வெளியே வந்ததும் வாசலில் ரோசம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்ணே, அடியிலயுமா பங்கு கேப்பிய?”

“ஏளா, எனக்கும்தான் வலிச்சிச்சு.”

“வலிச்சிச்சின்னு சொல்ல நீங்க இருக்கிய. அவுக இருக்காவளா?”

உண்மை என்ன, மச்சான்? முதல் அடியிலேயே நான் சுருண்டு, வாயை மூடிக்கொண்டேன். நீதான், “எதுக்கு அடிக்கிய? காரணத்தைச் சொல்லிட்டு அடிங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். என்னை விட்டுவிட்டு எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள். அங்கேயும் நீதான் முந்தினாய். அப்படிக் கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். பொறாமை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அதையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். ஆனால் அந்த அம்மா கேட்கும் முன்பே, வக்கீல் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்: “சமம் இல்ல. நான் பேசாம கெடந்தேன், அவன் கேட்டான். அடி பூரா அவனுக்குத்தான்.”

இது சத்தியம்.

ரோசம்மாவின் அண்ணன்,
உன் பொறாமைக்கார மச்சான்
அந்தோணி