சந்தை நம்பிய மூக்கு

கூட்டாளி,

இன்று காலை கடைக் கதவைத் திறந்ததும் வெண்ணெயின் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. வாங்கி வைத்ததில் ஏதோ ஒன்று பழசு. மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு சேதியா? எனக்கு வாடை தெரிந்தது என்றால் அதன் அருமை உனக்குத்தான் புரியும். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

எழுபதுகளின் நடுவில் நாம் சேர்ந்து வெண்ணெய் வாங்கி நெய் உருக்கத் தொடங்கியபோது, போட்ட முதல் என்னுடையது, கடை என்னுடையது. மூக்கு மட்டும் உன்னுடையது. ஜலகண்டாபுரத்தில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி. பஞ்சுத் தூசி காற்றிலேயே நிற்கும். விடிந்தால் தும்மல், பகல் முழுக்க அடைப்பு, வாயைத் திறந்துகொண்டுதான் தூக்கம். வெண்ணெயைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்தால் புதுசும் ஊசினதும் எனக்கு ஒன்றுதான். நீ சட்டியின் மூடியைத் தூக்கியதுமே விற்பவளிடம் சொல்லிவிடுவாய்: "இது நேத்துக் கடஞ்சதுங் அம்மிணி. அதுல போன வாரத்தோடது கலந்திருக்குது."

எடப்பாடிச் சந்தையில் வரிசையின் முதலில் உட்காரும் அந்தப் பெண் என்னிடம் மூடியைத் திறக்கவே மாட்டாள்.

"அவரு வந்து மோந்து பாக்கட்டுங் சாமி. உங்களுது அடச்ச மூக்கு. நல்லதயே ஊசிப்போச்சுன்னு வெலயக் கொறப்பீங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் வியாபாரத்தில் நான் உன் பையைத் தூக்க வந்தவன் போல நின்றேன். அது பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பேர் வைக்க மாட்டேன்.

மஞ்சளைச் சுட்டுப் புகை பிடித்தேன். நொச்சி ஆவி பிடித்தேன். அம்மாபேட்டையில் ஒருவர் கொடுத்த பொடியை உறிஞ்சினேன். மெடிக்கலில் விற்ற சொட்டு மருந்துதான் உடனே திறந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் முன்னைவிட இறுக மூடிக்கொள்ளும், மறுபடி சொட்டு விடுவேன். எனக்கு எதையும் ஒரே பேச்சில் முடித்துவிட வேண்டும். நோயோடும் அப்படித்தான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தைக்கு முந்தின நாள் உன் வீட்டில் தங்கினேன். விடிகாலையில் கொல்லையில் நீ தலையைச் சாய்த்து நின்று, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையால் ஒரு மூக்கில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாய். அது மறு மூக்கு வழியாக ஒழுகியது.

"என்னடா கூத்து இது?"

நீ நிதானமாகச் சிந்திவிட்டுத் திரும்பினாய். "கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணியில உப்பு. என்னுதும் உன்னுதாட்டந்தான். மில்லுல பஞ்சு தின்ன மூக்கு. சேலத்து டாக்டர் சொல்லிக் குடுத்தாரு."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னனே. சொட்டு மருந்த உடு, தலகாணி உறையச் சுடுதண்ணில அலசு, தெனமும் கழுவுன்னு. எத்தன நாளைக்குன்னு கேட்ட. சாகற வரைக்கும்னேன். போடான்னுட்ட."

அன்றுதான் பொறாமை முற்றியது. சாமி கொடுத்த மூக்கு என்றால் என் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். உன்னுடையதும் என்னுடையதைப் போலக் கெட்ட மூக்கு. நீ தினம் விடியலில் எழுந்து அதைச் சொன்னபடி கேட்க வைத்திருந்தாய். நான் அடுத்த வாரமும் சொட்டு மருந்துதான் வாங்கினேன். உன்னைப் பார்த்துச் செய்தேன் என்று ஆகிவிடக் கூடாதே.

மாரடைப்பில் நீ போன பிறகு சந்தைக்குத் தனியாகப் போனேன். ஒருத்தி கூட மூடியைத் தூக்கவில்லை. வெறும் பாத்திரத்தோடு பஸ் ஏறினேன். கடையை மூட வேண்டும், இல்லையென்றால் மூக்கைக் கழுவ வேண்டும்.

கழுவினேன். புரையேறியது, காது அடைத்தது. என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணன் இருந்தப்பவே பண்ணிருந்தா பக்குவமாக் கத்துக் குடுத்திருப்பாருங்ளே." சொட்டு மருந்தை விட்ட புதிதில் மூச்சுக்குத் தவித்தேன். மெல்லத்தான் இளகியது. இன்றும் முழுசாக இல்லை. தறித் தூசி அதிகமான நாளில் மூடிக்கொள்ளும், மறுநாள் கழுவினால் திறக்கும்.

போன சந்தையில் அதே பெண் இரண்டு சட்டிகளை முன்னால் தள்ளினாள். "எது பழசுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

புறங்கையில் தேய்த்தேன், முகர்ந்தேன், சொன்னேன். சரியாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு நல்ல சட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

"பரவால்லீங்க. அவரா இருந்தா தேய்க்காமயே சொல்லிருப்பாரு."

அன்றிலிருந்து, கடையில் ஆள் இல்லாதபோது மூடியைத் தூக்கித் தேய்க்காமல் முகர்ந்து பழகுகிறேன். பாதி நாள் தப்பாகத்தான் வருகிறது. செத்துப்போனவனோடு என்ன போட்டி என்று வீட்டுக்காரி கேட்கிறாள். கேட்கட்டும். ஒரு நாள் தேய்க்காமலே சொல்வேன். அன்றைக்கு அந்தப் பெண் உன்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று பார்க்கிறேன்.