களிமண்ணில் எழுதியவன்

பிளசி,

ஏதென்சில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே. ஸ்வெட்டர் போட்டுக்கொள். காரிமங்கலம் சந்தையில் தக்காளி நல்ல விலை போகிறது. நான் சௌக்கியம்.

நேற்று வீடியோ காலில் மறுபடியும் அவன் பேச்சுதான். நீ அங்கே ஆராய்கிற லீனியர் பி என்கிற அந்தப் பழைய கிரேக்க எழுத்தைக் களிமண் பலகையில் கீறிவிட்டுப் பெயர்கூடப் போடாமல் போனவன். "கோடு முடியற எடத்துல லேசா ஒரு சுழிப்பு வெப்பாருங்க. எந்தப் பலகைய காட்டுனாலும் அவரு கைதான்னு சொல்லிருவேன்" என்றாய். செத்து மூவாயிரம் வருஷம் தாண்டியவனுக்கு 'அவரு' என்று மரியாதை வேறு! பக்கத்திலிருந்த அம்மா, "யார்றா அது, கூட வேலை செய்யறவனா?" என்று கேட்டார்.

அப்புறம் நான் அனுப்பிய ராகி மாவுப் பையை எடுத்துக் காட்டினாய். அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, "மில்லுக்காரரு எவ்ளோ அழகா எழுதியிருக்காருங்க!" என்றாய்.

எழுதியது நான்.

போனில் தட்டித் தட்டியே குடும்பம் நடத்தியிருக்கிறோம், உனக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் இதைப் பேனாவால் எழுதுகிறேன். அவனுக்கு வைக்கிற பூதக்கண்ணாடியை இதற்கும் வை. 'ழ'வின் வாலை நான் எப்படி இழுக்கிறேன் என்று பார். சுழிப்பு எனக்கும் வரும்.

அவன் பெயர் போட்டதில்லை. நானும் போடப்போவதில்லை. கையைப் பார்த்தே கண்டுபிடி.

இப்படிக்கு,
மில்லுக்காரர் அல்ல.