சணல் துரை வீட்டு ஆட்டுக்கல்கள்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
8-1-2025

என் அக்கா பெற்ற ஏக ரத்தினம் கீதாஞ்சலிக்கு, இம்மாளிகையின் சக்கரவர்த்தி குருமூர்த்தி மாமா ஆசீர்வதித்து எழுதுவது:

இங்கே நானும் ஒரு லட்சம் புறாக்களும் சுகம். நீ பிறந்த இந்த வீட்டை பில்டருக்குக் கொடுக்க வீட்டுக்காரர் துடிக்கிறார். புராதனக் கட்டடக் குழு அடுத்த வாரம் பார்க்க வருகிறது. அவர்கள் சரி என்றால் வீடு பிழைக்கும், இல்லையென்றால் கடப்பாரைதான். பயப்படாதே. மாடி ஹாலில் ஒரு வைசிராய் ஆடிய ஆட்டத்தில் டாலிகஞ்ச் வரை பூமி அதிர்ந்ததைச் சொல்லி அசத்திவிடுவேன்.

குருமூர்த்தி

புனே
12-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வைசிராயைத் தயவுசெய்து ஆடவிடாதீர்கள். ஒரு புளுகு பிடிபட்டால் வீடே போய்விடும். அப்புறம் என்னோடுதான் வந்து இருக்க வேண்டும். இங்கே பக்கத்து வீட்டில் யார் என்று எனக்கே தெரியாது. உங்கள் கதையை யாரிடம் அளப்பீர்கள்?

உங்கள் கீதா

கொல்கத்தா
17-1-2025

கீதாக் கண்ணு,

உன் பேச்சைக் கேட்காமல் வைசிராயை மாடிக்கு ஏற்றினேன். குழுத் தலைவி கண்ணாடியை இறக்கி, “எந்த வருஷம், மோஷாய்?” என்று வங்காள மரியாதையோடு கேட்டாள். என் வைசிராய் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்.

அவள் முற்றத்துத் தார்ப்பாயைத் தூக்கினாள். அடியில் வரிசையாக ஆட்டுக்கல்கள். துரை மாளிகைக்குக் கேவலம் என்று நான்தான் மூடி வைத்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். இதைக் கட்டிய சணல் மில் துரை போனபின், துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் மாற்றலாகி வந்த நம் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக இங்கே இருந்ததை. அடுத்தவள் கல்லில் அரைத்தால் மாவு பொங்காது என்று ஒவ்வொருத்தியும் ஊரிலிருந்து தன் கல்லை வரவழைத்ததை. அடுத்த மாற்றலில் தூக்க முடியாமல் விட்டுப்போனதை. “இது சுந்தரவல்லி கல், இது மகேஸ்வரி கல், இது என் அக்காவுடையது” என்று தொட்டுத் தொட்டுக் காட்டினேன். ஒரு சிட்டிகை மசாலா சேர்க்கவில்லை. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

“இதையா மூடி வைத்தீர்கள்?” என்றாள். கல்களைப் படம் எடுத்துக்கொண்டு, முடிவைச் சொல்லாமல் போய்விட்டாள். எதற்கும் எனக்கு ஒரு கட்டில் போட்டு வை.

மாமா

கொல்கத்தா
2-4-2025

கீதா,

கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு. வீட்டை இடிக்கக் கூடாதென்று உத்தரவு வந்துவிட்டது. வீட்டுக்காரர் என் முகத்தில் விழிப்பதில்லை.

வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். ‘தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த வீடு’ என்பது முதல் வரி. கட்டிய துரையின் பெயர் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில். காலையிலிருந்து அதைப் படிக்கத்தான் தெருவுக்கும் வீட்டுக்கும் நடக்கிறேன். சத்தியமாக, இதில் ஒரு எழுத்துக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

இவ்வீட்டில் குடியிருக்கும்,
குருமூர்த்தி